ஆன்லைன் கடையில் ‘இன்னும் சில மட்டுமே’ அறிவிப்பு: எண் பொய்த்துப் போகாமல் காட்டுவது எப்படி

நான் பராமரித்து வந்த ஓர் ஆன்லைன் கடையில் ஒரு முதுகுப்பை நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. பொருள் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘2 மட்டுமே மீதம்’ என்று இருந்தது. கிடங்கிலும் சரியாக 2தான் இருந்தன. ஒரு மணி நேரம் கழித்து ஆர்டர் பட்டியலைத் திறந்தால் அதே பைக்கு 5 ஆர்டர். மூன்று பேரிடம் போனில் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். அவர்களில் ஒருவர் கோபப்படவே இல்லை. “ரெண்டுதான் இருக்குன்னு போட்டிருந்ததைப் பார்த்துட்டுத்தானே அவசரமா வாங்கினேன்” என்று மட்டும் சொன்னார். நாம் எழுதிக் கொடுத்த வாக்காகத்தான் அவர் அந்த எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

இந்த வழிகாட்டி கடை நடத்துபவர்களுக்கும், அவர்களுக்குக் கடையை அமைத்துத் தருபவர்களுக்கும். வூகாமர்ஸ், ஷாப்பிஃபை, மஜென்டோ, பிரெஸ்டாஷாப் ஆகிய கடை அமைக்கும் மென்பொருள்களில் எங்கே போய் எதை மாற்றுவது என்று சொல்கிறேன். ஆனால் அமைப்புகளைத் தொடுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தாளில் எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்த எண்ணைக் காட்டப் போகிறீர்கள், எப்போது காட்டப் போகிறீர்கள்.

## 1. எந்த எண்?

அலமாரியில் இருக்கும் எண்ணிக்கை வேறு, விற்கக்கூடிய எண்ணிக்கை வேறு. அலமாரியில் 9 இருக்கலாம். அதில் 3க்கு ஏற்கெனவே பணம் வந்துவிட்டது, பார்சல் கட்டுவதுதான் பாக்கி. 1 திரும்பி வந்தது, இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆக விற்கக்கூடியது 5. வாடிக்கையாளர் பார்க்க வேண்டியது இந்த 5தான்.

இதே பொருளை வேறு தளங்களிலும் விற்கிறீர்களா? அப்படியானால் இன்னொரு கழித்தல் உண்டு. இருப்புக் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒத்திசைகிறது என்றால், அந்த இடைவெளியில் வேறு தளத்தில் விற்ற பொருள் உங்கள் தளத்தில் இன்னும் ‘இருக்கிறது’. அதற்காக ஒன்றிரண்டை ஒதுக்கி வைப்பது நல்லது. இதற்குப் பலர் வூகாமர்ஸில் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ வரம்பை 0இலிருந்து 2 ஆக்கிவிடுகிறார்கள். அது விற்பனையை 2இல் நிறுத்தும். ஆனால் பக்கத்தில் காட்டும் எண்ணிலிருந்து அந்த 2ஐக் கழிக்காது. ஒதுக்கீட்டை ஒத்திசைக்கும் கருவியிலேயே கழித்து, கழித்த எண்ணைத் தளத்துக்கு அனுப்புவதுதான் சுத்தமான வழி.

தொகுப்பாக விற்கும் பொருட்களில் கணக்கு இன்னும் எளிதாகத் தவறும். ஒரு தொகுப்பில் 1 கேமராவும் 2 பேட்டரியும் என்று வையுங்கள். கேமரா 10, பேட்டரி 7 இருந்தால் விற்கக்கூடிய தொகுப்பு 3தான். ஒவ்வொரு பாகத்தின் இருப்பையும் தேவையான எண்ணிக்கையால் வகுத்து, வருவதில் மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும். தொகுப்புக்குத் தனியாக ஓர் எண்ணைக் கையால் போட்டு வைத்திருந்தால் அது என்றைக்காவது உங்களைக் கைவிடும்.

## 2. எந்த வரம்பில்?

இங்கேதான் அதிகம் குழம்புகிறார்கள். ‘இருப்பு குறைவு’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று உங்களுக்கு: மறுபடி கொள்முதல் செய்ய வேண்டிய நேரம் வந்துவிட்டது. இன்னொன்று வாடிக்கையாளருக்கு: நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் தீர்ந்துபோகலாம். இரண்டுக்கும் ஒரே எண் பொருந்தாது.

உங்களுக்கான வரம்புக்குப் பழைய சூத்திரம் போதும். ஒரு நாள் சராசரி விற்பனையை, சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கி, கையிருப்புப் பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். நாளுக்கு 4 விற்கிறது, சரக்கு வர 7 நாள், பாதுகாப்புக்கு 8 என்றால் 4 × 7 + 8 = 36. இருப்பு 36ஐத் தொட்டதும் நீங்கள் கொள்முதல் ஆர்டர் போட வேண்டும். வாடிக்கையாளருக்கு ‘36 மட்டுமே மீதம்’ என்று காட்டினால் அதில் என்ன சேதி இருக்கிறது? ஒன்பது நாள் விற்பனைக்குச் சரக்கு இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அவருக்கான வரம்பை நான் ஒரு நாள் அல்லது ஒன்றரை நாள் விற்பனை அளவில் வைப்பேன். நாளுக்கு 4 விற்கும் பொருளுக்கு 4 முதல் 6 வரை வரும். நாளை திரும்பி வந்தால் இருக்குமா இருக்காதா என்பது உண்மையிலேயே சந்தேகமாகும் இடம் அதுதான். மாதத்துக்கு ஒன்று விற்கும் பொருளில் 2 மிச்சம் இருந்தால் அது இரண்டு மாதச் சரக்கு. அங்கே எண்ணைச் சாதாரண எழுத்தில் காட்டுங்கள். எச்சரிக்கைத் தொனி வேண்டாம். நாளை காலையே புதுச் சரக்கு வருகிறது என்றால் அப்போதும் எச்சரிக்கை தேவையில்லை, ‘3 இன்றே அனுப்பலாம், கூடுதலாக வேண்டுமானால் இரண்டு நாளில்’ என்று சொல்லிவிடலாம்.

## 3. தளத்தில் அமைப்பது

வூகாமர்ஸில் செட்டிங்ஸ், ப்ராடக்ட்ஸ், இன்வென்டரி என்று போனால் முதலில் ‘ஸ்டாக் மேனேஜ்மென்ட்’ இயங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் ‘லோ ஸ்டாக்’ வரம்பு. தானாக வருவது 2. கீழே ‘ஸ்டாக் டிஸ்ப்ளே ஃபார்மட்’ என்ற இடத்தில் மூன்று தேர்வுகள் உண்டு: எப்போதும் எண்ணைக் காட்டுவது, குறைந்தால் மட்டும் காட்டுவது, காட்டவே காட்டாதது. நடுவில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பொருளின் இன்வென்டரி பகுதியிலும் அந்தப் பொருளுக்கு மட்டுமான வரம்பைப் போடலாம். அது பொது வரம்பை மீறி நிற்கும்.

இதில் ஒரு சிக்கலைக் கவனியுங்கள். வூகாமர்ஸ் உங்களுக்கு அனுப்பும் ‘இருப்பு குறைவு’ மின்னஞ்சலும் வாடிக்கையாளர் பார்க்கும் வாசகமும் அதே வரம்பைத்தான் பயன்படுத்துகின்றன. கொள்முதலுக்காக 36 என்று போட்டீர்களோ, பக்கத்திலும் ‘36 மட்டுமே’ என்று வந்து நிற்கும். இரண்டில் ஒன்றைப் பிரித்தாக வேண்டும். வரம்பை வாடிக்கையாளருக்காக வைத்துக்கொண்டு, கொள்முதல் நினைவூட்டலைத் தனி அறிக்கையாகவோ தனி ப்ளகினாகவோ (கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) வைப்பது சுலபம். கோட் எழுதத் தெரிந்தவர் இருந்தால், இருப்பு வாசகத்தை மாற்றுவதற்கென்றே வூகாமர்ஸில் ஒரு ஃபில்டர் (நம் கோடை நுழைக்க விடும் இடம்) இருக்கிறது. அதில் உங்கள் சொந்த வரம்பைச் சோதித்து வாசகத்தைத் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது.

ஷாப்பிஃபையில் இது தீமின், அதாவது கடையின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவின், பொறுப்பு. அவர்களுடைய இலவச தீமான டானில், தீம் எடிட்டரில் பொருள் பக்கத்தைத் திறந்து ‘இன்வென்டரி ஸ்டேட்டஸ்’ என்ற ப்ளாக்கைச் சேர்த்தால் வரம்பையும், எண்ணைக் காட்டலாமா வேண்டாமா என்பதையும் அங்கேயே தேர்வு செய்யலாம். உங்கள் தீமில் அப்படி ஒன்று இல்லையென்றால் கோடில் மூன்று சோதனைகள் வேண்டும்: அந்த வேரியன்ட்டின் (பொருளின் குறிப்பிட்ட அளவு அல்லது நிறம்) இருப்பை ஷாப்பிஃபை கண்காணிக்கிறதா, எண் 0ஐவிடக் கூடுதலாகவும் வரம்புக்குள்ளும் இருக்கிறதா, இருப்பு தீர்ந்தால் விற்பனை நிற்குமா. மூன்றாவது மிக முக்கியம். தீர்ந்த பிறகும் விற்கலாம் என்று அனுமதித்திருந்தால் எண் கழித்தல் குறியோடு கீழே போகும். கவனிக்காமல் எழுதிய தீமில் ‘-3 மட்டுமே மீதம்’ என்று வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

மஜென்டோவில் ஸ்டோர்ஸ், கான்ஃபிகரேஷன், கேட்டலாக், இன்வென்டரி என்று போய் ஸ்டாக் ஆப்ஷன்ஸில் ‘ஒன்லி எக்ஸ் லெஃப்ட்’ வரம்பைப் போடுங்கள். 0 இருந்தால் அறிவிப்பு வராது. பிரெஸ்டாஷாப்பில் ஷாப் பாராமீட்டர்ஸ், ப்ராடக்ட் செட்டிங்ஸ் பக்கத்தில் ‘எண்ணிக்கை இதைவிடக் குறைந்தால் காட்டு’ என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும்; அங்கேயும் 0 என்றால் நிறுத்தம்.

நீங்களே கடையை எழுதுகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். வரம்பைச் சோதிக்கும் வேலையை சர்வரில் வையுங்கள். முழு எண்ணை பிரவுசருக்கு அனுப்பி அங்கே மறைக்காதீர்கள். பக்கத்தின் சோர்ஸில் 4,812 என்று கிடந்தால், போட்டியாளர் தினமும் அதைப் படித்து உங்கள் அன்றாட விற்பனையைக் கணக்குப் போட்டுவிடுவார். ‘இருக்கிறது’, ‘குறைவு, 3’, ‘இல்லை’ இந்த மூன்றில் ஒன்று வெளியே போனால் போதும்.

## 4. அளவும் நிறமும்

பொருளுக்கு மொத்தமாக 40 இருக்கிறது என்பதால் நடுத்தர அளவு கறுப்பு நிறம் இருக்கிறது என்று ஆகிவிடாது. எண் எப்போதும் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த வேரியன்ட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அவர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது எண் காட்ட வேண்டாம். வூகாமர்ஸில் இருப்பு மேனேஜ்மென்ட்டைத் தாய்ப் பொருளிலும் போட்டு வேரியன்ட்டிலும் போட்டால் வேரியன்ட்டில் உள்ளதுதான் செல்லும். வேரியன்ட்டில் போட மறந்தால் தாய்ப் பொருளின் எண்ணை எல்லா அளவுகளும் பங்குபோட்டுக்கொள்ளும். புதுக் கடைகளில் நான் முதலில் தேடிப் பார்க்கும் தவறு இது.

## 5. கேஷ்: எண் பழசாகிப் போகும் இடம்

அந்த முதுகுப்பைக்கு வருகிறேன். தளம் வேகமாக இயங்க வேண்டும் என்று முழுப் பக்கத்தையும் ஒரு மணி நேரத்துக்கு கேஷ் செய்திருந்தோம், அதாவது ஒருமுறை உருவான பக்கத்தின் நகலையே எல்லோருக்கும் காட்டும்படி வைத்திருந்தோம். முதல் இருவர் வாங்கியதும் டேட்டாபேஸில் இருப்பு 0 ஆனது. பக்கமோ அதே ‘2 மட்டுமே மீதம்’ என்று அடுத்த 50 நிமிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. கூடவே, யாரோ என்றைக்கோ டிக் செய்துவிட்டுப் போன ‘தீர்ந்த பிறகும் ஆர்டர் ஏற்கலாம்’ என்ற பேக்ஆர்டர் அமைப்பு. இரண்டும் சேர்ந்துதான் மூன்று பேருக்கு ஏமாற்றம். இதில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம்: கேஷ் மட்டும் என்றால் செக்அவுட்டில் ஆர்டர் நின்றிருக்கும், பேக்ஆர்டர் மட்டும் என்றால் பக்கம் உண்மையைச் சொல்லியிருக்கும்.

தீர்வு இரண்டு வகை. இருப்பு மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொருளின் பக்கத்தை மட்டும் கேஷிலிருந்து நீக்கச் செய்வது முதல் வகை. நல்ல கேஷ் ப்ளகின்கள் ஆர்டர் வந்ததும் இதைச் செய்யும். ஆனால் முன்னால் ஒரு சிடிஎன் (பக்கங்களின் நகலைப் பல இடங்களில் வைத்து வழங்கும் சேவை) நின்றால் அங்கேயும் நீக்கச் சொல்லியாக வேண்டும். அதை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது வகை எனக்குப் பிடித்தது. பக்கம் கேஷிலிருந்தே வரட்டும், இருப்பு வாசகத்துக்கான இடத்தைக் காலியாக விடுங்கள். பக்கம் திறந்ததும் சிறியதொரு கோரிக்கை சர்வருக்குப் போய் அந்த ஒரு வாசகத்தை மட்டும் கொண்டுவந்து நிரப்பட்டும். அந்தப் பதிலை மட்டும் கேஷ் செய்யக் கூடாது. வாசகம் வந்து சேரும்போது பக்கம் குதிக்காமல் இருக்க ஒரு வரி உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

வூகாமர்ஸில் வேரியன்ட் உள்ள பொருளுக்கு இன்னொரு நுணுக்கம். வேரியன்ட் 30 வரை இருந்தால் அவற்றின் இருப்பு வாசகங்கள் எல்லாம் பக்கத்துக்குள்ளேயே பொதிந்து வரும். 30ஐத் தாண்டினால் தேர்ந்தெடுக்கும்போது சர்வரைக் கேட்கும். ஆகவே 12 அளவுள்ள பொருளின் பக்கம் கேஷ் ஆனால் 12 வாசகங்களும் சேர்ந்தே உறைந்துவிடும். இந்த 30ஐ ஒரு ஃபில்டர் மூலம் குறைத்தால் எப்போதும் சர்வரையே கேட்கும்படி செய்யலாம்.

## 6. கடைசி ஒன்றுக்கு இரண்டு பேர்

பொருளை கார்ட்டில் போட்டதாலேயே அது அவருக்கு ஒதுக்கப்பட்டுவிடாது. பெரும்பாலான தளங்களில் நிலைமை இதுதான். வூகாமர்ஸ், பணம் வராத ஆர்டருக்காக இருப்பைத் தானாகவே 60 நிமிடம் பிடித்து வைக்கும். கடைசிச் சில பொருட்கள் வேகமாகப் போகும் கடையில் இது அதிகம், நான் 15 அல்லது 20க்குக் குறைப்பேன். ரொம்பக் குறைத்தால் பேமென்ட் பக்கத்தில் நிற்பவரின் ஆர்டரே ரத்தாகும்.

சொந்தமாக எழுதுபவர்கள், இருப்பை முதலில் படித்து, ‘இருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு, பிறகு ஒன்றைக் கழித்து எழுதாதீர்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே இன்னொருவர் புகுந்துவிடுவார். ‘இருப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஒன்றைக் கழி’ என்று ஒரே அப்டேட் கட்டளையாக டேட்டாபேஸிடம் கொடுங்கள். எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். 1 என்றால் பொருள் அவருக்கு, 0 என்றால் வேறொருவர் முந்திக்கொண்டார்.

பிந்தியவருக்கு என்ன சொல்வது? கார்ட்டிலிருந்து பொருளைச் சத்தமில்லாமல் நீக்குவது மிகவும் மோசம். ‘நீங்கள் 4 கேட்டீர்கள், இப்போது 3 இருக்கிறது. எண்ணிக்கையை 3 ஆக்கியிருக்கிறோம்’ என்று அந்த வரியிலேயே எழுதுங்கள். முழுக்கத் தீர்ந்திருந்தால் ‘வந்ததும் சொல்லுங்கள்’ என்ற பட்டனை அங்கேயே வையுங்கள்.

## 7. வாசகமும் தோற்றமும்

தமிழில் கடை நடத்தினால் ஒருமை, பன்மை இடறும். ‘1 மட்டுமே உள்ளது’, ‘3 மட்டுமே உள்ளன’. மென்பொருள்கள் பயன்படுத்தும் யூனிகோட் மொழித் தரவிலும் தமிழுக்கு ஒருமை, மற்றவை என இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஆனால் வூகாமர்ஸின் ‘குறைவு’ வாசகம் மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு சரம்தான், ஒருமைக்கும் பன்மைக்கும் தனித்தனியே கிடையாது. வினைச்சொல்லே வராதபடி ‘இருப்பில் மீதம்: 3 மட்டும்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் எந்த எண்ணுக்கும் பொருந்தும்.

‘சீக்கிரம்! போய்விடும்!’ என்பதெல்லாம் தேவையில்லை. எண் உண்மையாக இருந்தால் அதுவே போதுமான அளவு பேசும். எண்ணோடு எந்த வேரியன்ட் என்பதையும் சேர்த்தால் இன்னும் நம்பகமாக இருக்கும்: ‘கறுப்பு, நடுத்தரம்: மீதம் 3’.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்கள் கணிசமானவர்கள். வாசகம் தனியாக நின்றே புரிய வேண்டும். இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. தூய சிவப்பை வெள்ளைப் பின்னணியில் வைத்தால் ஏறத்தாழ 4தான் வரும், ஆரஞ்சு என்றால் 2ஐத் தொடுவதே கஷ்டம். அடர் சிவப்பு எடுங்கள். வேரியன்ட் மாறும்போது வாசகமும் மாறுவதால், திரையைக் கேட்டு வாங்குபவர்களுக்கு அது தெரிய வேண்டும். பக்கத்தின் கோடில் அந்த இடத்துக்கு ‘ஸ்டேட்டஸ்’ என்ற ரோலைக் கொடுத்தால், திரையை வாசிக்கும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் தானாகவே, குறுக்கிடாமல் வாசித்துச் சொல்லும். மின்னுவது, துடிப்பது எதுவும் வேண்டாம்.

வைக்க வேண்டிய இடம், பொருள் பக்கத்தில் வாங்கும் பட்டனுக்கு அருகில். கார்ட்டில் இன்னொரு முறை. பட்டியல் பக்கத்தில் இருபது பொருளில் பதினைந்துக்கு ‘குறைவு’ என்று ஒட்டினால் எதையும் யாரும் நம்பமாட்டார்கள், அங்கே அறிவிப்பே வேண்டாம்.

தேடுபொறிக்கும் அதே உண்மையைச் சொல்லுங்கள். தேடுபொறிகள் படிப்பதற்காகப் பக்கத்தில் வைக்கும் ஸ்கீமா தரவில் ‘லிமிடெட் அவைலபிலிட்டி’ என்றும் ‘அவுட் ஆஃப் ஸ்டாக்’ என்றும் தனித்தனி மதிப்புகள் உண்டு.

## 8. பொய் எண்ணைப் பற்றி

இருப்பு எதுவானாலும் ‘3 மட்டுமே’ என்று காட்டும் ப்ளகின்கள் விற்கிறார்கள். பிரின்ஸ்டன், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் சுமார் 11,000 ஷாப்பிங் தளங்களை ஆராய்ந்தபோது, முன்கூட்டியே எழுதிவைத்த கணக்குப்படி தானாகக் குறையும் இருப்பு எண்களையும், பக்கம் திறக்கும்போதே ஏதோ ஓர் எண்ணை உருவாக்கிக் காட்டும் கோடையும் கண்டார்கள். அதாவது சோர்ஸைத் திறந்து பார்ப்பவருக்கு எல்லாமே தெரிந்துவிடுகிறது.

சட்டமும் இதைக் குறிவைக்கிறது. குறுகிய நேரமே கிடைக்கும் என்று பொய் சொல்லி வாங்கவைப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு நெறிமுறை தடை செய்கிறது. இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டுதல்கள் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிட்டன. முதலிடத்தில் இருப்பது பொய்யான அவசரம், பொய்யான பற்றாக்குறையும் அதற்குள் வரும். அப்படி ஒரு ப்ளகின் உங்கள் தளத்தில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அது காட்டிய ஒவ்வொரு எண்ணையும் யாரோ ஒருவர் நம்பியிருக்கிறார்.

## 9. திறப்பதற்கு முன் சோதனை

ஒரு சோதனைப் பொருளை உருவாக்கி வரம்பை 5 என்று வையுங்கள். இருப்பை 6, 5, 1, 0 என்று ஒவ்வொன்றாக மாற்றி, லாகின் செய்யாத பிரவுசரில் பக்கத்தைப் பாருங்கள். நிர்வாகியாக லாகின் செய்திருந்தால் பல தளங்களில் கேஷ் உங்களுக்கு வேலை செய்யாது, அதனால் எல்லாம் சரியாகத் தெரியும். லாகின் இல்லாத கண்ணால் பார்ப்பதுதான் சோதனை.

அடுத்து, இருப்பை 1 ஆக்கி, இரண்டு போனில் ஒரே நேரத்தில் செக்அவுட் வரை போய் இரண்டு பேராகப் பட்டனை அழுத்துங்கள். ஒருவருக்குத்தான் ஆர்டர் கிடைக்க வேண்டும். மற்றவருக்குப் புரியும்படியான வாசகம் வர வேண்டும். பிறகு அந்த ஆர்டரை ரத்து செய்யுங்கள். இருப்பு 1க்குத் திரும்புகிறதா? பணம் தோல்வியடைந்த ஆர்டரிலும் திரும்புகிறதா? பேக்ஆர்டர் டிக் எந்தெந்தப் பொருளில் இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். நாங்கள் பார்த்தபோது அந்தப் பையோடு சேர்த்து 17 பொருளில் இருந்தது.

அறிவிப்பு வெளியே வந்தபின் விற்பனை கூடியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். ‘குறைவு’ என்று காட்டியபோது வந்த ஆர்டர்களில் எத்தனையை நீங்கள் ரத்து செய்ய வேண்டி வந்தது என்று வாரம் ஒருமுறை எண்ணுங்கள். அது 0ஆக இல்லாத வாரத்தில், அந்த ஆர்டர் வந்த நிமிடத்தில் பக்கம் என்ன காட்டியது, டேட்டாபேஸில் என்ன இருந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கம் பழசாக இருந்தால் 5ஆம் படிக்குப் போங்கள், டேட்டாபேஸே தப்பாக இருந்தால் 1ஆம் படிக்கு.